இங்கிலாந்தில் சிறுவர் இல்ல மேனேஜர் ஆவதற்கு லெவல் 5 மட்டும் போதுமா?

முதலில் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், இதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்கும் உதவும். இங்கிலாந்தில் ஒரு சிறுவர் இல்லத்தில் மூன்று வருடமாக வேலை பார்க்கிறீர்கள், லெவல் 3 டிப்ளமா முடித்தாயிற்று, இப்போது சீனியராக ஷிப்ட் நடத்துகிறீர்கள். லெவல் 5 டிப்ளமாவைச் சொந்தச் செலவில் ஆன்லைனில் முடித்துவிட்டால் மேனேஜர் வேலைக்கு நேரே விண்ணப்பிக்கலாமா, அதற்கு முன் வேறு என்னென்ன பயிற்சி எடுக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

இப்போதைக்குக் காசைக் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். அந்த டிப்ளமா தேவைதான், ஆனால் வரிசையில் அது முதலில் வருவதில்லை, நீங்கள் நினைப்பது போல அது கதவைத் திறக்கும் சாவியும் இல்லை. சட்டம் என்ன கேட்கிறது என்பதை ஒருமுறை சரியாகப் படித்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

இங்கிலாந்தின் சிறுவர் இல்ல ஒழுங்குவிதிகள் 2015-ல் வந்தவை. அதில் 28-ஆம் விதிதான் மேனேஜரின் தகுதியைப் பற்றிப் பேசுகிறது. கடந்த 5 ஆண்டுகளுக்குள் குறைந்தது 2 ஆண்டு, பிள்ளைகள் தங்கிப் பராமரிக்கப்படும் இடம் சார்ந்த பொறுப்பில் வேலை செய்திருக்க வேண்டும். பராமரிப்பு வேலை செய்யும் ஊழியர்களை மேற்பார்வை செய்து நிர்வகிக்கும் பொறுப்பில் குறைந்தது 1 ஆண்டு இருந்திருக்க வேண்டும். மூன்றாவதாகத்தான் லெவல் 5 டிப்ளமா வருகிறது, அதையும் மேனேஜராக வேலை தொடங்கிய நாளிலிருந்து 3 ஆண்டுகளுக்குள் முடித்தால் போதும். அதாவது அந்தச் சான்றிதழ் இல்லாமலேயே ஒருவர் மேனேஜராக ஆஃப்ஸ்டெட்டில் (சிறுவர் இல்லங்களைக் கண்காணிக்கும் அரசு அமைப்பு) பதிவு பெற முடியும், பலர் அப்படித்தான் பெறுகிறார்கள். அந்த 1 ஆண்டு மேற்பார்வை அனுபவம் இல்லாமல்தான் முடியாது.

ஆக, உங்கள் கணக்கில் குறைவது எது? 2 ஆண்டு அனுபவம் இருக்கிறது. டிப்ளமாவுக்கு அவகாசம் இருக்கிறது. நடுவில் இருக்கும் அந்த ஒரு வருடத்தைத்தான் சரிபார்க்க வேண்டும். ஷிப்ட் லீடராக இருப்பதை மேற்பார்வைப் பொறுப்பு என்று எடுத்துக்கொள்வார்களா என்றால், அது நீங்கள் உண்மையில் என்ன செய்தீர்கள் என்பதைப் பொறுத்தது. இரவு 10 மணிக்கு யார் எந்த அறையில் ஸ்லீப்-இன் (இரவுப் பொறுப்பில் இல்லத்திலேயே தூங்குவது) படுப்பது, மறுநாள் யார் பள்ளிக்குக் கொண்டுபோய் விடுவது என்று தீர்மானிப்பது ஷிப்ட் நடத்துவது. ஒரு ஊழியரை மாதாமாதம் உட்காரவைத்து சூப்பர்விஷன் செய்வது, புதிதாக வந்தவரின் சோதனைக் காலத்தைப் பார்த்து நிரந்தரமாக்கலாமா என்று எழுதுவது, வேலையில் குறை இருந்தால் அதை அவரிடமே சொல்லி ஒரு திட்டம் போட்டுத் தொடர்வது, இவைதான் நிர்வகிப்பது. உங்கள் பெயரில் கையெழுத்திட்ட சூப்பர்விஷன் பதிவுகள் எத்தனை இருக்கின்றன என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். இல்லையென்றால் இந்த வாரமே மேனேஜரிடம் போய், "இரண்டு பேரின் சூப்பர்விஷனை என்னிடம் கொடுங்கள், நான் செய்வதை நீங்கள் ஒருமுறை பக்கத்தில் இருந்து பாருங்கள்" என்று கேளுங்கள். அப்புறம் டெபுடி மேனேஜர் இடத்துக்கு முயற்சி செய்யுங்கள். அந்தப் படியைத் தாண்டிக் குதிக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

சூப்பர்விஷன் என்றதும் ஒரு படிவத்தில் பெட்டிகளை நிரப்புவது என்று நினைப்பவர்கள் அதிகம். ஒரு உதாரணம் சொல்கிறேன். உங்கள் குழுவில் ஒரு இளைஞர், பிள்ளைகளுக்கு அவரை மிகவும் பிடிக்கும், சொந்தக் காசில் ஒரு 14 வயதுப் பெண்பிள்ளைக்கு ஹெட்போன் வாங்கிக் கொடுத்துவிட்டார். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. இதை எப்படிப் பேசுவீர்கள்? "விதிமுறை மீறல், இனிமேல் செய்யாதே" என்று முடித்துவிடலாம், அவர் தலையாட்டிவிட்டுப் போவார், அடுத்த முறை உங்களுக்குத் தெரியாமல் வாங்குவார். அவர் ஏன் வாங்கினார், அந்தப் பிள்ளை என்ன கேட்டது, அவருக்குள் என்ன ஓடியது என்று பொறுமையாகக் கேட்டால்தான், பெரியவர்கள் பரிசு கொடுத்து வசப்படுத்தி ஏமாற்றிய அனுபவம் உள்ள ஒரு பிள்ளைக்கு இந்தப் பரிசு என்ன அர்த்தம் தரும் என்ற இடத்துக்கு அவரையே கொண்டுவர முடியும். பேச்சு முடிந்த பிறகு அதைப் பதிவில் எழுத வேண்டும், பிள்ளையின் சோஷியல் வொர்க்கருக்குச் சொல்ல வேண்டும், ஏற்கெனவே இவர்மேல் சின்னச் சின்னக் கவலைகள் பதிவாகி இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும், இருந்தால் லோக்கல் அதாரிட்டியில் (உள்ளூராட்சி மன்றத்தில்), ஊழியர்கள்மேல் வரும் கவலைகளைப் பார்ப்பதற்கென இருக்கும் அதிகாரியிடம் ஆலோசனை கேட்க வேண்டும். ஒரு மனிதரின் நல்ல மனசையும் ஒரு பிள்ளையின் பாதுகாப்பையும் ஒரே நேரத்தில் கையில் பிடித்துக்கொள்வது கடினமான வேலை. இதைச் செய்து செய்துதான் பழக முடியும், எந்த ஆன்லைன் மாட்யூலும் இதைத் தராது.

சரி, டிப்ளமாவுக்கு வருவோம். அதன் முழுப்பெயரைக் கவனமாகப் பாருங்கள்: லெவல் 5 டிப்ளமா இன் லீடர்ஷிப் அண்ட் மேனேஜ்மென்ட் ஃபார் ரெசிடென்ஷியல் சைல்ட்கேர், இங்கிலாந்து. நம்மவர்கள் நிறையப் பேர் முதியோர் இல்லங்களில் இருந்து இந்தத் துறைக்கு வருகிறார்கள், அவர்கள் கையில் அடல்ட் கேர் லெவல் 5 இருக்கும். இரண்டும் ஒரே லெவல் என்பதால் ஒன்றுக்குப் பதிலாக மற்றது செல்லும் என்று நம்பிவிடக்கூடாது. முதியோர் பராமரிப்பைக் கண்காணிப்பது சிக்யூசி என்ற வேறு அமைப்பு, சிறுவர் இல்லங்களைக் கண்காணிப்பது ஆஃப்ஸ்டெட், சட்டமும் வேறு. முதியோர் இல்லத்தில் எத்தனை வருடம் இருந்தாலும் அந்த 2 ஆண்டுக் கணக்கில் அது சேராது. அதேபோல வேல்ஸ், ஸ்காட்லாந்து, வட அயர்லாந்துக்கு வேறு வேறு ஏற்பாடுகள் உண்டு, நான் இங்கே எழுதுவது இங்கிலாந்துக்கு மட்டும். சோஷியல் வொர்க் பட்டம் வேண்டுமா என்றும் பலர் கேட்கிறார்கள். இருந்தால் நல்லது, சட்டம் அதைக் கேட்பதில்லை.

இந்த டிப்ளமாவில் தேர்வு மண்டபம் கிடையாது, வேலையைக் காட்டித்தான் முடிக்க வேண்டும். அசெஸர் (மதிப்பீட்டாளர்) வந்து நீங்கள் குழுக் கூட்டம் நடத்துவதைப் பார்ப்பார், நீங்கள் மாற்றி எழுதிய ரிஸ்க் அசெஸ்மென்டை (ஆபத்து மதிப்பீட்டை) கேட்பார், ஒரு சம்பவத்தை எடுத்து ஏன் அப்படி முடிவு செய்தீர்கள் என்று உங்களோடு பேசுவார். குழுவாக வாழும் பிள்ளைகளை வழிநடத்துவது, பாதுகாப்பு, பிள்ளை வளர்ச்சி, குழுவை நிர்வகிப்பது, மற்ற அமைப்புகளோடு சேர்ந்து வேலை செய்வது எனப் பாடங்கள் போகும். தலைமைப் பொறுப்பே இல்லாத ஒருவர் இதில் சேர்ந்தால் காட்டுவதற்கு ஒன்றும் இருக்காது, பாதியில் நின்றுவிடும். சொந்தக் காசு போட வேண்டாம் என்று சொன்னது இதனால்தான். டெபுடி ஆன பிறகு சேருங்கள், பெரும்பாலும் செலவை நிறுவனமே ஏற்கும். லெவல் 5-ல் ஒரு அப்ரெண்டிஸ்ஷிப் (வேலை செய்துகொண்டே படிக்கும்) வழியும் இருக்கிறது, சில்ட்ரன் யங் பீப்பிள் அண்ட் ஃபேமிலீஸ் மேனேஜர் என்று பெயர். அந்த வழியில் வேலை நேரத்திலேயே படிப்புக்கு நேரம் ஒதுக்கியாக வேண்டும் என்பது பெரிய வசதி. நீங்கள் இங்கே எத்தனை காலமாக வசிக்கிறீர்கள் என்பதையெல்லாம் நிதி தருவதற்கு முன் பார்ப்பார்கள், அதை முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். எந்தப் பயிற்சி நிறுவனமாக இருந்தாலும் ஒரே ஒரு கேள்வி போதும்: எனக்கு வரப்போகும் அசெஸர் சிறுவர் இல்லத்தில் வேலை பார்த்தவரா? இல்லை என்றால் வேறு இடம் பாருங்கள். இரவு 2 மணிக்குப் பிள்ளை காணாமல் போய் போலீசுக்குப் போன் செய்த அனுபவம் இல்லாத ஒருவர் உங்கள் வேலையை மதிப்பிடும்போது காகிதத்தை மட்டும்தான் பார்ப்பார்.

அடுத்தது எழுத்து. இதைப் பற்றிக் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், ஏனென்றால் மேனேஜர் ஆகத் துடிப்பவர்கள் அநேகமாகக் கவனிக்காமல் விடுவது இதைத்தான். ஒரு பையன் என்று வைத்துக்கொள்வோம். அன்றைய பதிவில் இப்படி இருக்கிறது: "மாலையில் ஆக்ரோஷமாக நடந்துகொண்டான். ஊழியர்கள் அமைதிப்படுத்தினர். அதன்பின் பிரச்சினை இல்லை." இதை இன்னொருவர் எழுதினால் இப்படி வரும்: "5.40-க்கு அம்மா போன் செய்து சனிக்கிழமை வர முடியாது என்றார். போனை வைத்ததும் மாடிக்குப் போய் அறைக் கதவைப் பலமுறை அடித்துச் சாத்தினான், திட்டினான். நான் படியில் உட்கார்ந்திருந்தேன், பேசவில்லை. ஏறக்குறைய அரைமணி நேரம் கழித்து அவனே இறங்கி வந்து டோஸ்ட் கேட்டான். சாப்பிடும்போது, அம்மா போன மாதமும் இப்படித்தான் சொன்னார் என்றான்." முதல் பதிவைப் படிப்பவருக்கு ஒரு முரட்டுப் பையன் தெரிகிறான். இரண்டாவதைப் படித்தால் அடுத்த முறை அம்மாவின் போன் வருவதற்கு முன் என்ன செய்ய வேண்டும் என்று தெரியும், சோஷியல் வொர்க்கரிடம் என்ன பேச வேண்டும் என்று தெரியும். பிள்ளையின் கோப்பை அவர் பிறந்த நாளிலிருந்து 75 ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம், அவர் பெரியவரானதும் கேட்டு வாங்கிப் படிக்கலாம். குழுவில் உள்ள ஒவ்வொருவரையும் இரண்டாவது மாதிரி எழுத வைப்பது மேனேஜரின் வேலை, அதற்கு நீங்கள் இப்போதே அப்படி எழுதுபவராக இருக்க வேண்டும். ஆங்கிலம் நமக்கு இரண்டாம் மொழி என்ற தயக்கம் இங்கே வேண்டியதில்லை. பார்த்ததைப் பார்த்தபடி சின்னச் சின்ன வாக்கியங்களில் எழுதுங்கள், அதுவே நல்ல பதிவு.

பிள்ளையைப் பிடித்துக் கட்டுப்படுத்த வேண்டி வந்த சம்பவங்களுக்கு இன்னும் கறாரான கணக்கு உண்டு: 24 மணி நேரத்துக்குள் பதிவு, 48 மணி நேரத்துக்குள் அப்படிக் கட்டுப்படுத்திய ஊழியரோடு பொறுப்பாளர் பேசிக் கையெழுத்து, 5 நாளுக்குள் பிள்ளையோடு பேசியதற்கான குறிப்பு. இது 35-ஆம் விதி. டெபுடியாக இருக்கும்போதே அந்த உரையாடல்களை நீங்கள் நடத்துங்கள், முக்கியமாகப் பிள்ளையோடு பேசுவதை. "நீ என்ன செய்தாய்" என்று தொடங்காமல் "நாங்கள் பிடித்தபோது உனக்கு எப்படி இருந்தது" என்று தொடங்கிப் பாருங்கள், எவ்வளவு விஷயம் வெளியே வருகிறது என்று தெரியும்.

இவ்வளவு கட்டுப்பாடு ஏன் என்று சலித்துக்கொள்பவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். 1980-களில் ஸ்டாஃபர்ட்ஷயரில் சில இல்லங்களில் பின்டவுன் என்றொரு முறை இருந்தது, பிள்ளைகளைத் தனி அறையில் அடைத்து, உடையையும் பள்ளியையும் மற்றவர்களோடு பேசுவதையும் மறுத்தார்கள். 1991-ல் வந்த விசாரணை அறிக்கை அதைக் கடுமையாகக் கண்டித்தது. அதை நடத்தியவர்கள் ஒளித்துச் செய்யவில்லை, ஒழுங்கு கற்பிக்கும் முறை என்று நம்பி, பதிவேடுகளில் எழுதி வைத்தே செய்தார்கள். நான் புதியவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும்போது இதைக் கட்டாயம் சொல்வேன். பொறுப்பில் இருப்பவர் தன் முறைமேல் எவ்வளவு உறுதியாக இருக்கிறாரோ அவ்வளவுக்கு வெளியிலிருந்து யாராவது வந்து பார்த்தாக வேண்டும். மாதம் ஒருமுறை சுயாதீனப் பார்வையாளர் வந்து அறிக்கை எழுதுவது (44-ஆம் விதி), 6 மாதத்துக்கு ஒருமுறையாவது நீங்களே பராமரிப்பின் தரத்தை மறுஆய்வு செய்து ஆஃப்ஸ்டெட்டுக்கு அனுப்புவது (45-ஆம் விதி) எல்லாம் அதற்காகத்தான். இந்த இரண்டு அறிக்கைகளும் உங்கள் இல்லத்திலேயே இருக்கும். கடந்த ஒரு வருடத்து அறிக்கைகளை வாங்கி வரிசையாகப் படியுங்கள், அடுத்த 45-ஆம் விதி அறிக்கையில் ஒரு பகுதியை எழுதித் தருகிறேன் என்று கேளுங்கள். விதிகளில் சொல்லியிருக்கும் 9 தரநிலைகளும் அப்போதுதான் மனதில் பதியும், மனப்பாடம் செய்து பதியாது.

இன்னொன்று, ஆஃப்ஸ்டெட் அறிக்கைகள் இணையத்தில் எல்லோரும் படிக்கும்படி இருக்கின்றன. மிகச் சிறந்தது என்று மதிப்பிட்டவற்றை விடப் போதாது என்று மதிப்பிட்டவற்றைப் படியுங்கள். ஒரே மாதிரியான வரிகள் திரும்பத் திரும்ப வருவதைக் காண்பீர்கள்: மேனேஜருக்குத் தன் இல்லத்தில் நடப்பது தெரியவில்லை, சம்பவத்துக்குப் பிறகு ரிஸ்க் அசெஸ்மென்ட் மாற்றப்படவில்லை, ஊழியர்களுக்கு சூப்பர்விஷன் நடக்கவில்லை, பொருத்தம் பார்க்காமல் பிள்ளை சேர்க்கப்பட்டது.

அந்தக் கடைசி விஷயம்தான் மேனேஜரின் வேலையிலேயே ஆகக் கடினமானது. வெள்ளிக்கிழமை பின்நேரம் 4 மணிக்கு ஒரு லோக்கல் அதாரிட்டியிலிருந்து போன் வரும், ஒரு பிள்ளையைச் சேர்த்துக்கொள்ளக் கேட்கும் ரெஃபரல். 15 வயதுப் பிள்ளை, இருந்த இடத்தில் இனி வைத்திருக்க முடியாது என்று இன்று சொல்லிவிட்டார்கள், இரவு தங்க இடமில்லை. உங்கள் இல்லத்தில் ஒரு அறை காலி. அந்த அறை பல வாரமாகக் காலியாக இருப்பதால் கணக்கு இடிக்கிறது, மேலிடத்திலிருந்து ஏற்கெனவே இரண்டு மின்னஞ்சல் வந்திருக்கிறது. இங்கிலாந்தில் பெரும்பாலான சிறுவர் இல்லங்கள் தனியார் நிறுவனங்கள் நடத்துபவை, இந்த அழுத்தம் எங்கும் உண்டு. வந்த தாளில் பாதி விவரம் இல்லை, தீ வைத்த ஒரு சம்பவம் ஒரே வரியில் இருக்கிறது. ஏற்கெனவே உங்களோடு இருக்கும் மூன்று பிள்ளைகளில் ஒருவர் இப்போதுதான் ஒழுங்காகத் தூங்கத் தொடங்கியிருக்கிறார். உங்கள் ஸ்டேட்மென்ட் ஆஃப் பர்பஸில் (எப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு என்ன பராமரிப்பு தருவோம் என்று இல்லம் எழுதி வைத்திருக்கும் ஆவணம்) எழுதியிருப்பதற்குள் இந்தப் பிள்ளையின் தேவை அடங்குமா, இன்றிரவு ஷிப்டில் இருப்பவர்களால் முடியுமா, மற்றவர்களுக்கு என்ன ஆகும், இவை எல்லாவற்றையும் ஒரு மணி நேரத்தில் யோசித்து, தேவைப்பட்டால் இல்லை என்று சொல்லி, ஏன் இல்லை என்று எழுதி வைக்க வேண்டும். அந்தப் பிள்ளைக்காக மனசு துடிக்கும், துடிக்கவும் வேண்டும். ஆனாலும் பொருந்தாத இடத்தில் சேர்த்துச் சில வாரத்தில் மறுபடி வெளியேற்றினால், ஏற்கெனவே பல வீடுகளை இழந்த பிள்ளைக்கு இன்னொரு இழப்பை நாமே கொடுத்ததாகிவிடும். இந்த முடிவுகள் எடுக்கப்படும்போது பக்கத்தில் இருங்கள். உங்கள் மேனேஜரிடம், "அடுத்த ரெஃபரல் வரும்போது நானும் தனியாக ஒரு முடிவு எழுதிப் பார்க்கிறேன், அப்புறம் இரண்டையும் ஒப்பிடலாம்" என்று சொல்லுங்கள். நல்ல மேனேஜர் என்றால் மகிழ்ச்சியோடு ஒத்துக்கொள்வார். எனக்குத் தெரிந்தவரை இதைவிடப் பெரிய பயிற்சி இந்த வேலைக்குக் கிடையாது.

ரோட்டா (ஷிப்ட் அட்டவணை), பட்ஜெட், கட்டடப் பராமரிப்பு, தீ ஒத்திகை, மருந்துக் கணக்கு எல்லாம் சில மாதத்தில் பழகிவிடும். சேஃபர் ரெக்ரூட்மென்ட் (பாதுகாப்பாக ஆளெடுப்பது) பயிற்சி மட்டும் முன்னதாகவே எடுத்துவிடுங்கள், ஒருவரை வேலைக்கு எடுக்கும்போது வேலை வரலாற்றில் உள்ள இடைவெளிகளைக் கேட்பது, பழைய முதலாளியிடம் நேரில் பேசிச் சரிபார்ப்பது இதெல்லாம் பின்னால் உங்கள் தலையில்தான் விழும்.

இனி பதிவு. நிறுவனம் உங்களை மேனேஜராக நியமித்தால் மட்டும் போதாது, நீங்கள் தனியாக ஆஃப்ஸ்டெட்டுக்கு விண்ணப்பிக்க வேண்டும். என்ஹான்ஸ்டு டிபிஎஸ் (விரிவான குற்றப் பின்னணிச் சோதனை), முழு வேலை வரலாறு, சான்றாளர்கள், உடல்நிலை விவரம் எல்லாம் கேட்பார்கள், அதன்பின் ஒரு இன்ஸ்பெக்டர் நேர்காணல் செய்வார். அந்த நேர்காணலில் விதி எண்களை ஒப்பிப்பதால் பயன் குறைவு. "உங்கள் ஊழியர் ஒருவர் பிள்ளையைத் தள்ளினார் என்று பிள்ளை சொல்கிறது, நீங்கள் வீட்டில் இருக்கிறீர்கள், இரவு 9 மணி, என்ன செய்வீர்கள்" என்ற மாதிரிக் கேள்விகளுக்குத் தயாராகுங்கள். பிள்ளை இந்த நேரத்தில் பாதுகாப்பாக இருக்கிறதா என்பதில் தொடங்கி, யாருக்குச் சொல்வது, அந்த ஊழியரை இன்றிரவு என்ன செய்வது, நீங்களாகவே விசாரணையில் இறங்காமல் எங்கே நிறுத்திக்கொள்வது, ஆஃப்ஸ்டெட்டுக்கு எப்போது தெரிவிப்பது என்று வரிசையாகப் போக வேண்டும். உங்கள் இல்லத்தின் ஸ்டேட்மென்ட் ஆஃப் பர்பஸைக் கரைத்துக் குடித்திருக்க வேண்டும், அங்கே இருக்கும் ஒவ்வொரு பிள்ளையைப் பற்றியும் பார்க்காமல் பேசத் தெரிய வேண்டும். இந்தப் பதிவு அந்த ஒரு இல்லத்துக்கு மட்டும்தான், வேறு இல்லத்துக்கு மாறினால் மறுபடி விண்ணப்பம்.

கடைசியாக, முதல் மேனேஜர் வேலையை எங்கே எடுப்பது என்பது. அனுபவம் குறைவாக இருந்தும் உடனே வேலை தருகிறோம், சம்பளமும் கூட என்று ஒரு இடம் கூப்பிட்டால் அவசரப்படாதீர்கள். அந்த இல்லத்தின் பழைய ஆஃப்ஸ்டெட் அறிக்கைகளை எடுத்து, ஒவ்வொன்றிலும் மேனேஜர் எப்போது பதிவு பெற்றார் என்று எழுதியிருக்கும் வரியைப் பாருங்கள். ஒவ்வொரு அறிக்கையிலும் வேறு தேதி, அல்லது பதிவு பெற்ற மேனேஜரே இல்லை என்று இருந்தால், நேர்காணலில் காரணத்தை நேராகவே கேளுங்கள். நிறுவனத்தின் சார்பில் பொறுப்பாளராக இருப்பவர் மாதத்தில் எத்தனை முறை இல்லத்துக்கு வருவார், உங்களுக்கு சூப்பர்விஷன் செய்வது யார், டெபுடி இடம் நிரம்பியிருக்கிறதா, பிள்ளையைச் சேர்ப்பதில் உங்கள் மறுப்பு இறுதியானதா, லெவல் 5 படிக்க வாரத்தில் எவ்வளவு நேரம் தருவார்கள் என்று கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள். டெபுடி இடமும் காலி, மறுப்புச் சொல்லும் உரிமையும் இல்லை என்றால் அந்த வேலை வேண்டாம், இப்போதிருக்கும் இடத்திலேயே டெபுடி ஆகுங்கள்.